பினாங்குத் தமிழ்ப்பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கும் வாரியத்தினருக்கும் பெற்றோருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர்களுக்கும், பள்ளி மேலாளர் வாரிய உறுப்பினர்களுக்கும், பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் என் வணக்கம்.

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு 9 மணிக்கு மேல், பட்டர்வொர்த்தில் நான் பிரத்தியேக வகுப்பு நடத்தும் கடைவீட்டின் மாடிக்கு ஒரு தாயார் ஏறி வந்தார். பிள்ளைகள் எல்லோரும் வீட்டுக்குப் போகும்வரை அவர் கீழே காத்து நின்றிருக்கிறார் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவருடைய மகன் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஐந்தாம் ஆண்டு படிக்கிறான்; இரண்டு வாரங்களாகப் பள்ளிக்குப் போக மறுக்கிறான். அவன் நடப்பதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், கையை அசைத்துப் பேசுவதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், கழிப்பறைக்குப் போனால் நாலைந்து பேர் பின்னாலேயே போகிறார்கள். இவற்றையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு அந்தத் தாயார், "டீச்சர், இவன அடிச்சாவது திருத்தணுமா, இல்ல இப்படியே விட்டுடணுமா? உங்களுக்குத்தான் தெரியும்னு வந்தேன்" என்றார்.

எனக்குத்தான் தெரியும் என்று அவர் ஏன் நினைத்தார் என்பதை மறைக்க வேண்டிய தேவை எனக்கு இப்போது இல்லை. நான் ஒரு திருநங்கை. 2003 முதல் 2014 வரை செபராங் பிறையில் ஒரு தமிழ்ப்பள்ளியில் பணியாற்றினேன். அங்கே மாணவர்கள் என்னை "ஐயா" என்று அழைத்தார்கள். இன்று என்னிடம் படிக்கும் பிள்ளைகள் "டீச்சர்" என்று அழைக்கிறார்கள். அந்தத் தாயார் கேட்ட கேள்வி பகலில், பள்ளி அலுவலகத்தில், உங்களிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அங்கே கேட்க முடியாமல் இருட்டிய பிறகு என்னைத் தேடி வந்தார் என்பதுதான் இந்த மடலை எழுதுவதற்குக் காரணம்.

நம் மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. இந்த நாட்டில் தமிழ்க் கல்விக்கு முதல் வகுப்பு 1816-இல் இந்தத் தீவில், பினாங்கு ஃப்ரீ பள்ளியில்தான் தொடங்கியது என்பதை நாம் எல்லோரும் பெருமையோடு சொல்கிறோம். 2016-இல் அதன் 200-ஆம் ஆண்டைக் கொண்டாடியபோது, அரசுப் பணியை விட்டு இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்த நானும் என் பிரத்தியேக வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்த வரலாற்றைச் சொல்லிக் கொடுத்தேன். அந்தப் பெருமையில் எனக்கும் பங்கு உண்டு என்று நம்புவதால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

என் தொடக்கப் பள்ளிக் காலத்தை நினைக்கும்போது இரண்டு பாடங்கள் முதலில் நினைவுக்கு வருகின்றன. ஒன்று, ஒன்பதாம் வாய்ப்பாடு. ஆசிரியர் கரும்பலகையில் ஒன்பதை எழுதியதும் வகுப்பில் பாதிப்பேர் திரும்பி என்னைப் பார்ப்பார்கள். ஆசிரியருக்கும் காரணம் தெரியும். அவரும் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொள்வார். அந்த வாய்ப்பாட்டை நான் மற்றவர்களைவிட வேகமாக ஒப்பிக்கக் கற்றுக்கொண்டேன். விரைவில் முடிந்தால் போதும் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. மற்றொன்று, தன்கதை. நம் பள்ளிகளில் படித்த எவரும் தன்கதை எழுதாமல் வந்திருக்க முடியாது: "நான் ஒரு குடை", "நான் ஒரு மிதிவண்டி", "நான் ஒரு பேனா." தமிழில் தன்மை இடத்துக்குப் பால் கிடையாது. வந்தான், வந்தாள் என்று படர்க்கையில் பிரியும் வினை, வந்தேன் என்று வரும்போது யாரையும் பிரிப்பதில்லை. எட்டு வயதில் இந்த இலக்கணம் எனக்குத் தெரியாது. ஆனால் குடையாகவும் பேனாவாகவும் எழுதும்போது மட்டும் என் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்குவது தெரிந்தது. ஆசிரியர் என் தன்கதைகளை வகுப்பில் படித்துக் காட்டுவார். நான் தமிழாசிரியராக வேண்டும் என்று ஆசைப்பட்டது அந்த நாள்களில்தான்.

ஆசிரியர் பயிற்சிக் காலத்தைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. கழுத்துப்பட்டை கட்டினேன், குரலைத் தாழ்த்திப் பேசப் பழகினேன், நல்ல புள்ளிகள் வாங்கினேன். ஆனால் பணியில் சேர்ந்த பிறகு மூன்று தைப்பூசங்களுக்குப் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலில் பால்குடம் எடுத்ததைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அம்மாவுக்கு நான் சொன்ன வேண்டுதல், நல்ல இடத்தில் திருமணம் அமைய வேண்டும் என்பது. முருகனிடம் நான் உண்மையில் வேண்டியது, என்னை ஆண்பிள்ளையாக மாற்றிவிடு என்பது. மூன்றாம் ஆண்டு, அந்த மலைப்படிகளில் வெறுங்காலோடு ஏறி, பாலை அபிஷேகத்துக்குக் கொடுத்துவிட்டு இறங்கும் வழியில் உட்கார்ந்துவிட்டேன். காலில் வலி இல்லை. விரதம் இருந்து, மஞ்சள் உடுத்தி, குடத்தைத் தலையில் சுமந்து வந்தவள் எவளோ, அவளையே இல்லாமல் ஆக்கும்படி அவளைக் கொண்டே கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பது அந்தப் படியில் எனக்குப் புரிந்தது. அதன் பிறகு அந்த வேண்டுதலை நான் வைத்ததில்லை. ஆனால் ஒருவர் தம்மை ஏற்றுக்கொள்வது ஒரே நாளில் நடந்து முடிவதில்லை. வேண்டுவதை நிறுத்திய பிறகும் ஒளிவதை நிறுத்த எனக்கு எட்டு ஆண்டுகள் ஆயின.

2005-இல் கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் ஒரு வழக்கில், அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒரு திருநங்கையின் அடையாள அட்டையில் பாலினத்தையும் எண்ணையும் மாற்றும்படி, மருத்துவச் சான்றுகளை ஏற்றுத் தீர்ப்பு வழங்கியது. நம் அடையாள அட்டை எண்ணின் கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை என்பது உங்களுக்குத் தெரியும். அந்தச் செய்தியை ஆசிரியர் அறையில் நாளிதழில் படித்துவிட்டு, யாரும் பார்க்குமுன் பக்கத்தைத் திருப்பி, விளையாட்டுச் செய்தியைப் படிப்பதுபோல் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பின்னால் வந்த தீர்ப்புகள் அந்த வழியில் செல்லவில்லை. உயர்நீதிமன்றம் ஒரு திருநம்பிக்கு, அதாவது பெண் என்று பதியப்பட்டு ஆணாக வாழ்பவருக்கு, அளித்திருந்த இதே உரிமையை 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. என் அட்டையின் கடைசி எண் இன்றும் ஒற்றைப்படையாகத்தான் இருக்கிறது.

இனி நான் எழுதப் போவது எனக்கு மிகவும் கடினமானது. 2009-இல் என் வகுப்பில், நான்காம் ஆண்டில், ஒரு பையன் இருந்தான். காலையிலிருந்து பள்ளி முடியும்வரை அவன் தண்ணீரே குடிப்பதில்லை என்பதை இரண்டாவது வாரத்தில் கண்டுகொண்டேன். மற்ற ஆசிரியர்களுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. எனக்கு உடனே தெரிந்தது, ஏனென்றால் கழிப்பறைக்குப் போகாமல் இருப்பதற்காக ஆறு ஆண்டுகள் நானும் அப்படித்தான் தாகத்தோடு இருந்தேன். அவனை அழைத்துப் பேசியிருக்கலாம். ஆசிரியர் கழிப்பறைச் சாவியைக் கொடுத்திருக்கலாம். சபைக்கூடலில் அவன் பெயரைச் சொல்லாமலே, கேலி செய்வது தவறு என்று இரண்டு நிமிடம் பேசியிருக்கலாம். அவன் பக்கம் நின்றால் என் பக்கமும் பார்வை திரும்பிவிடும் என்ற பயத்தில், ஒரு நாள் நடைகூடத்தில் அவனை நிறுத்தி, "ஆம்பளப் பிள்ளை மாதிரி நட" என்று சொன்னேன். அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். அவனுக்குத் தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன். இடைநிலைப்பள்ளியில் மூன்றாம் படிவத்தோடு அவன் படிப்பை நிறுத்திவிட்டதாகப் பின்னர் கேள்விப்பட்டேன். என் பணிக்காலத்தில் நான் சொன்ன சொற்களில் திரும்பப் பெற முடிந்தால் பெற்றுவிட விரும்பும் சொற்கள் அவைதான். திருநங்கையான ஓர் ஆசிரியரே அந்தக் குழந்தையிடம் அப்படிச் சொல்லும் அளவுக்கு ஒரு பள்ளியில் பயம் இருந்தது என்பதை நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

2011 ஏப்ரலில் திரங்கானு மாநிலத்தில், பெண்மைச் சாயல் உள்ளவர்கள் என்று ஆசிரியர்கள் அடையாளம் காட்டிய 66 மாணவர்களைப் பெசூட்டில் ஒரு முகாமுக்கு அனுப்பினார்கள். அவர்களை அடையாளம் காட்டியவர்கள் ஆசிரியர்கள் என்ற வரியில் நான் நின்றுவிட்டேன். அடுத்த இரண்டு ஆண்டுகளில்தான் நான் மாறத் தொடங்கினேன். அல்லது, மாறியதுபோல் நடிப்பதை நிறுத்தத் தொடங்கினேன். மருத்துவர் ஒருவரைப் பார்த்தேன். முடி வளர்ந்தது. அம்மாவிடம் சொன்னேன். அவர் அழுதார், ஒரு வாரம் பேசவில்லை. எட்டாம் நாள் சமையலறையில் முதுகைக் காட்டிக்கொண்டே, "வேலை போயிடாதே?" என்று கேட்டார். அது ஏற்பா மறுப்பா என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. இன்று யோசித்தால், என்னைப் பற்றிய கவலையில் அவர் அந்தப் பெரிய கேள்வியைத் தாண்டி வந்துவிட்டிருந்தார்.

வேலை போய்விட்டது. அதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அந்தப் பள்ளியின் பெயரை நான் எங்கும் சொன்னதில்லை, இங்கும் சொல்லப்போவதில்லை. பெயர் போடாத ஒரு கடிதம் வந்தது. ஒரு கூட்டம் நடந்தது, அதற்கு என்னை அழைக்கவில்லை. தலைமையாசிரியர் அன்பாகவே, "உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்று இடமாற்றம் கேட்கச் சொன்னார். ஒரு நாள் காலையில் ஆசிரியர் அறைக்குள் நுழையும்போது, உள்ளே ஒருவர் மற்றவரிடம், "அது வந்துடுச்சா?" என்று கேட்டது காதில் விழுந்தது. அன்று எனக்கு முதல் பாடவேளை மூன்றாம் ஆண்டில், உயர்திணையும் அஃறிணையும். நான் போய் அந்தப் பாடத்தை நடத்தினேன். அடுத்த மாதம் பணிவிலகல் கடிதம் கொடுத்தேன்.

தமிழ் படித்தவர்கள் நிறைந்த சபைக்கு எழுதுவதால் இதையும் சொல்ல வேண்டும். தொல்காப்பியம், சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கத்தில், நான்காம் நூற்பாவிலேயே, ‘ஆண்மை திரிந்த பெயர்நிலைக் கிளவி’ என்று எங்களைப் போன்றோரைக் குறிக்கும் சொல்லுக்கு இடம் வகுக்கிறது. அந்தச் சொல்லுக்கெனத் தனியாக ஓர் ஈறு இல்லை என்று கூறி, உயர்திணையின் பால் ஈறுகளோடு அது பொருந்தி ஒலிக்கும் என்கிறது. எங்களை அஃறிணையில் வைக்க நம் இலக்கணம் இடம் தரவில்லை. "ஆசிரியர்" என்ற சொல்லைப் பாருங்கள். அதன் ஈறு ஆணையும் காட்டவில்லை, பெண்ணையும் காட்டவில்லை, மதிப்பை மட்டும் காட்டுகிறது.

பணியை விட்ட பிறகு தொடங்கிய பிரத்தியேக வகுப்பில் முதலில் 19 பிள்ளைகள் இருந்தார்கள். நான் சேலை கட்டி வகுப்புக்கு வந்த மாதத்தில் 4 பேர் மிஞ்சினார்கள். வாடகை கொடுப்பதற்காக வார இறுதிகளில் கல்யாண மண்டபத்தில் பூ அலங்கார வேலைக்குப் போனேன். அடுத்த ஆண்டின் நடுவில் ஒரு பாட்டி தம் பேத்தியை அழைத்து வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் வழக்கமான கேள்விக்குத் தயாராக நின்றேன். அவர், "வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகணும், வேற நாள் வைக்க முடியுமா?" என்று மட்டும் கேட்டார். வியாழனுக்கு மாற்றினேன். அந்தப் பிள்ளைக்கு அப்போது எழுத்துக்கூட்டிப் படிக்கவும் வராது. இரண்டு ஆண்டுகளில் அவள் பள்ளியில் கதை சொல்லும் போட்டிக்குப் போனாள். பிறகு அவள் தெருவிலிருந்து மட்டும் ஏழு பேர் வந்தார்கள். எந்த விளக்கமும் கேட்காமல் பிள்ளையை ஒப்படைத்த அந்தப் பாட்டியால்தான் நான் இன்றும் ஆசிரியையாக இருக்கிறேன்.

பெற்றோரின் அச்சத்தை நான் குறைவாக மதிக்கவில்லை. "பிள்ளைகள் பார்த்துப் பழகிவிடுவார்கள்" என்று பலர் என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். பார்த்துப் பழகி வருவதாக இருந்தால், எனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த ஆசிரியர்களையும் என் தந்தையையும் மாமன்மாரையும் பார்த்து நான் ஆணாகியிருக்க வேண்டும். அவர்களைப்போல் ஆக நான் முயன்றதுபோல் வேறு எதற்கும் முயன்றதில்லை. இது ஒரு மனநோயும் அல்ல. உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்று 2022 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய் வகைப்பாட்டில் இதனை மனநலக் கோளாறுகளின் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. பிள்ளைகளின் பாதுகாப்பைப் பற்றிக் கேட்பீர்களானால், கேட்கத்தான் வேண்டும்: திறந்த கதவு, தனியே அழைக்காமை, பெற்றோர் எப்போதும் வந்து பார்க்கும் உரிமை என்று எல்லா ஆசிரியர்களுக்கும் என்ன விதியோ அதே விதியை எனக்கும் வையுங்கள், அதில் ஒரு எழுத்துக்கூட எனக்காகத் தளர்த்த வேண்டாம்.

பள்ளிக் கேலி எங்கே போய் முடியும் என்பதைப் பினாங்கு அறியும். 2017 ஜூன் மாதத்தில் இந்தத் தீவில் 18 வயதுத் தமிழ் இளைஞர் ஒருவர் கொடூரமாகத் தாக்கப்பட்டு, பினாங்கு மருத்துவமனையில் உயிரிழந்தார். பெண்மைச் சாயலைச் சொல்லிப் பள்ளிக் காலத்திலேயே அவர் கேலிக்கு ஆளானதாக நாளிதழ்கள் எழுதின. அந்தக் குடும்பத்தின் துயரத்தை என் வாதத்துக்குச் சான்றாக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் நாம் அனைவரும் அந்த வாரம் அழுதோம், மெழுகுவர்த்தி ஏற்றினோம், பிறகு பள்ளிகளில் எதையும் மாற்றவில்லை என்பதைச் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

உங்கள் கையில் இல்லாததை நான் கேட்கவில்லை. அரசுப் பள்ளிக்கு ஆசிரியரை நியமிப்பது கல்விச் சேவை ஆணையம். அடையாள அட்டை எண்ணைத் தீர்மானிப்பது தேசியப் பதிவுத் துறையும் நீதிமன்றங்களும். முஸ்லிம் திருநங்கையருக்கு ஷரியா சட்டங்களின் சுமையும் சேர்ந்து இருக்கிறது. அவர்களுடைய நிலை என்னுடையதைவிடக் கடினமானது. இந்தியாவில் ஒரு திருநங்கை 2015-இல் மேற்கு வங்காளத்தில் ஒரு மகளிர் கல்லூரியின் முதல்வராக முடிந்தது. மதுரையில் பிறந்த நர்த்தகி நடராஜ் நடனம் கற்பித்தும் ஆடியும் 2019-இல் பத்மஸ்ரீ பெற முடிந்தது. இங்கே அதற்கு நாள் ஆகலாம்.

ஆனால் உங்கள் கையில் இருப்பது குறைவன்று. பள்ளி வளாகத்தில் சங்கம் நடத்தும் பாலர் பள்ளிக்கும் மாலை வகுப்புகளுக்கும் விடுமுறைக்கால மொழிப் பட்டறைகளுக்கும் ஆள் தேடுகிறீர்கள். தகுதியுள்ள ஒரு திருநங்கை விண்ணப்பித்தால், சான்றிதழைப் பாருங்கள், ஒரு பாடம் நடத்தச் சொல்லிப் பின்வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள், பிறகு முடிவு செய்யுங்கள். பாடம் சரியில்லை என்று அனுப்பினால் நான் வருத்தப்படமாட்டேன். ஆசிரியர் அறையில் "பொண்டான்", "ஒன்பது", "அது" என்ற சொற்கள் ஒலிக்கும்போது, அங்கே இருப்பவர்களில் மூத்தவர் ஒருவர் அந்தச் சொல்லை அங்கேயே நிறுத்த வேண்டும். ஆசிரியர் அறையில் பேசப்படும் சொல் மறுநாள் சிற்றுண்டிச்சாலையில் மாணவர் வாயிலிருந்து வரும் என்பதைப் பதினொரு ஆண்டுகள் பார்த்தவள் நான். கழிப்பறைக்குப் போக அஞ்சும் பிள்ளைக்கு ஆசிரியர் கழிப்பறையைத் திறந்துவிட எந்த அமைச்சின் சுற்றறிக்கையும் தேவையில்லை. கேலிக்கு ஆளானவனைக் கட்டொழுங்கு ஆசிரியரிடம் அனுப்பி நடையைத் திருத்தச் சொல்லும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அங்கே அனுப்பப்பட வேண்டியவர்கள் அவனைப் பின்தொடர்ந்து போனவர்கள். இதைப் பற்றி ஆசிரியர்களோடு பேசுவதற்கு ஒரு சனிக்கிழமையில் இரண்டு மணி நேரம் ஒதுக்கும் எந்தப் பள்ளிக்கும், தீவிலும் பெருநிலத்திலும், என் சொந்தச் செலவில் வரத் தயாராக இருக்கிறேன். பிள்ளைகளுக்குத் தன்கதை எழுதக் கற்றுக்கொடுக்க அழைத்தாலும் வருவேன்.

அந்த இரவு அந்தத் தாயாரிடம் நான் சொன்னதையும் சொல்லிவிடுகிறேன். அடிக்க வேண்டாம் என்றேன். "இவன் திருநங்கையாக வளர்வானா, இல்லையா என்பது எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது, அவனுக்கே இன்னும் தெரியாமல் இருக்கலாம், அதற்கு அவசரம் இல்லை. நாளைக்கு அவன் பையில் ஒரு தண்ணீர் போத்தலை வைத்து, அது காலியாகி வருகிறதா என்று மட்டும் பாருங்கள்" என்றேன். பிறகு, பகலில் பள்ளிக்குப் போய்த் தலைமையாசிரியரைப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அவர் நெடுநேரம் தயங்கினார்; கடைசியில், பள்ளி விடுமுறை முடிந்த முதல் திங்கட்கிழமை, மகனையும் அழைத்துக்கொண்டு போவதாக ஒப்புக்கொண்டார். எந்தப் பள்ளி என்று நான் எழுதவில்லை. அது உங்கள் பள்ளியாகவே இருக்கக்கூடும் என்று எண்ணி, அன்று அலுவலகத்தில் அவர்கள் இருவருக்கும் நாற்காலி போட்டு வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தமிழாசிரியை,
பட்டர்வொர்த், பினாங்கு.